ஏட்டில் ஒழிந்த அடிமைமுறை

அடிமை என்றதும் நம் மாணவர் அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களையே நினைக்கின்றனர். யாழ்ப்பாணத்துப் பனைவெளிகளை நினைப்பவர் சிலரே. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையைப் புரட்டிப் பார்ப்போம். காணியும் வளவும் கைமாறும் முறையைக் கூறும் அதே ஏடு, அடிமைகள் கைமாறும் முறையையும் கூறுகின்றது. கோவியர், நளவர், பள்ளர் எனச் சாதிப் பெயரே அங்கு உடைமைப் பெயராயிற்று.

பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால், 1816 ஆகஸ்ட் 12 முதல் பிறக்கும் பிள்ளைகளை விடுவிக்க அடிமையுடையோர் பலர் இசைந்தனர். 1821இல் ஆங்கில அரசாங்கம், இச்சாதிகளில் பிறக்கும் பெண்குழந்தைகளின் விடுதலையை விலைகொடுத்து வாங்க முன்வந்தது. பெண்குழந்தைகளை மட்டும் ஏன்? தாய் எவனுக்கு உரியவளோ பிள்ளையும் அவனுக்கே என்பது வழமை. தாய்வழி அறுந்தால் அடிமைவழியும் அறும். நுட்பமான கணக்குத்தான்! ஆனால், விலை பெற்றவன் எசமான். பிறந்தவளுக்கு ஒரு பரப்புக் காணிதானும் ஒதுக்கப்படவில்லை.

1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அடிமைமுறையை முற்றாக நீக்கிற்று. நிலமோ பழைய கைகளிலேயே தங்கிற்று. கிணற்றடியும் கோவில் வாயிலும் அவ்வாறே. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வேண்டியதாயிற்று. அதற்குப் பின்னும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலில் மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். உள்ளே விடப்படாதவர்களில் பலர், அந்தப் பழைய ஏடு அடிமைகளென எழுதிவைத்த சாதிகளிற் பிறந்தவர்களே.