ஆலைத் தொட்டிலும் மாற்றுத் துணியும்



மதுரையின் வரலாறு என்று சொன்னவுடன் பாண்டியரும் நாயக்கரும், கோபுரமும் மகாலும் உங்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அவற்றைப் போன்று உயர்ந்து நிற்பதன்று, கொடியிலே காய்வது. கைக்குழந்தையின் ஈரத்துணியைப் பற்றியும், தாயல்லாத பிறர் கையில் குழந்தை வளரும் இடத்தில் அத்துணியை எத்தனை முறை மாற்ற வேண்டும் என்ற கேள்வி இம்மதுரைச் சீமையில் எப்படி எழுந்தது என்பதைப் பற்றியும் பேசப் போகிறேன். இதுவும் ஒரு வரலாறா என்று நகைப்பவர் நகைக்கட்டும். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை மீது பிள்ளைத்தமிழ் பாடியபோது குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடினார். அந்தப் பத்துப் பருவங்களுள் ஒன்றுகூட ஈரத்துணிக்கு ஒதுக்கப்படவில்லை. தெய்வக் குழந்தைக்கு அது தேவையில்லை போலும்! மனிதக் குழந்தைக்கோ முதல் இரண்டு ஆண்டுகளும் அதுவே பெரிய காரியம்.

பழைய நாளில் நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் இக்கேள்வி எழுந்ததேயில்லை. பழஞ்சேலையைக் கயிற்றில் மாட்டித் தொட்டில் கட்டினார்கள். பழைய வேட்டியைக் கிழித்து மடித்துக் குழந்தைக்குக் கீழே இட்டார்கள். நம் பழைய சொல் ஒன்று இதற்குண்டு: அணையாடை. பலமுறை துவைத்து நைந்த பருத்தித் துணியானதால் அது மெத்தென்றிருக்கும்; காற்றும் புகும். குழந்தை நனைத்தால் நீர் தொட்டிலின் வழியே சொட்டித் தரையில் விழும். வீட்டிலுள்ள யார் காதிலேனும் அந்தச் சொட்டு விழும். பாட்டியோ அத்தையோ எழுந்து துணியை உருவி வேறொன்றை இடுவாள். எத்தனை முறை என்று அவள் எண்ணியதில்லை. நனைந்த போதெல்லாம் மாற்றினாள். வெயிற்காலத்தில் பல குழந்தைகள் அரைஞாண் கயிற்றோடு துணியின்றியே தவழ்ந்தன. நம் சமவெளியின் வெப்பத்துக்கு அது நல்ல வைத்தியமுங்கூட.

ஆயினும் பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. பேறுகால வீட்டுக்குத் துணி வெளுக்கும் குடும்பத்துப் பெண்கள் 'மாற்று' என்ற பெயரில் வெளுத்த துணி கொண்டுவந்து தந்து, அழுக்குத் துணியை எடுத்துச் சென்று, ஆற்றிலும் கண்மாயிலும் அடித்துத் துவைத்தார்கள். வீட்டார் எண்ணாமலிருக்க முடிந்ததற்கு அந்தக் கைகளும் ஒரு காரணம். அவர்களுக்குக் கிடைத்த கூலி சிறிது. மரியாதை அதனினும் சிறிது.

எண்ணிக்கை எப்போது பிறந்தது? ஆலைச் சங்கு ஊதியபோது பிறந்தது.

1875-இல் மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது. ஹார்வி சகோதரர்கள் நிறுவிய மதுரை ஆலை 1892-இல் ஓடத் தொடங்கியது. பின்னர்க் கருமுத்து தியாகராசச் செட்டியார் நிறுவிய மீனாட்சி ஆலை எழுந்தது. நூலைச் சிட்டமாகச் சுற்றும் பகுதியில் பெண்கள் வேலை செய்தார்கள். 1891-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்ணின் வேலை நேரத்தைப் பதினொரு மணிக்குள் அடக்கி, நடுவே ஒன்றரை மணி ஓய்வு தரப் பணித்தது. அதுவே அந்நாளில் பெரிய சலுகை! காலையில் உள்ளே சென்ற தாய் மாலையில் வெளியே வருவதற்குள் அவளுடைய குழந்தை எத்தனை முறை நனைத்திருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள். நன்றாகப் பால் குடிக்கும் இளங்குழந்தை ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் நனைக்கும். பல குழந்தைகள் அதைப் போல் இருமடங்கும் நனைக்கும்.

குழந்தையை எங்கே விடுவது? பாட்டி இருந்தால் பாட்டியிடம்; இல்லாவிட்டால் ஏழெட்டு வயதுப் பெண்ணிடம். இரண்டுமில்லாத இடங்களில் நிகழ்ந்ததைச் சொல்லவே மனம் கூசுகிறது. 1920-களின் தொடக்கத்தில் பம்பாய் ஆலைப் பெண்களின் நிலையை அரசாங்கத்தின் பொருட்டு ஆராய்ந்த டாக்டர் பார்ன்ஸ் என்ற பெண் மருத்துவர், அவர்களுடைய குழந்தைகளுள் பெரும்பாலானவற்றுக்கு அபினி புகட்டப்படுவதாக எழுதினார். தாய்மாரை வைய வேண்டாம். அழும் குழந்தையை விட்டுவிட்டு இயந்திரத்தின் முன் நிற்க வேண்டியிருந்தவர்கள் அவர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஈரத்தை அறிவிக்கும் மணி, குழந்தையின் அழுகை. அபினி அந்த மணியின் நாவைக் கட்டிவிட்டது. அழாத குழந்தையின் துணியை யார் மாற்றுவார்?

இத்துன்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பாரிஸ் நகரில் மார்போ என்பவர், வேலைக்குச் செல்லும் ஏழைத் தாய்மாரின் குழந்தைகளுக்காக 1844-இல் ஒரு காப்பகம் திறந்தார். அதற்குக் 'கிரெஷ்' என்று பெயர் வைத்தார். தொழுவத்துத் தீவனத் தொட்டி என்பது அச்சொல்லின் பொருள். குழந்தை ஏசு கிடத்தப்பட்ட தொட்டியை எண்ணி வைத்த பெயர். நம் சட்டங்களில் அச்சொல் ஆங்கிலத்தின் வழியே புகுந்தது. 1929-இல் அமைக்கப்பட்டு 1931-இல் அறிக்கை தந்த விட்லி ஆணைக்குழு, 250 பெண்களும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகளில் காப்பகம் இருத்தல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1934-ஆம் ஆண்டுச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்கச் சொல்லும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு அளித்தது. அதிகாரம் அளித்தது என்பதைக் கவனிக்க, கட்டாயமாக்கவில்லை. நாடு விடுதலை பெற்ற பின் வந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டந்தான் 48-ஆம் பிரிவில் அதனைக் கடமையாக்கியது.

அந்தப் பிரிவை நான் மெச்சுவதுண்டு. குழந்தைகளின் உடம்பைக் கழுவவும் துணியை மாற்றவும் வசதி வேண்டும் என்று வெளிப்படையாகவே அதில் ஒரு வாசகம் உண்டு. பாராளுமன்றம் இயற்றும் சட்டத்தில் ஈரத்துணிக்கு இடம் கிடைத்தது சிறிய செய்தியா? அச்சட்டத்தை ஒட்டி எழுந்த விதிகள் இன்னும் நுணுக்கமானவை. ஒரு குழந்தைக்கு இருபது சதுர அடி இடம், நாளொன்றுக்கு ஐந்து காலன், அதாவது ஏறத்தாழ இருபத்திரண்டரை லிட்டர் தண்ணீர், நான்கு குழந்தைகளுக்கு ஒரு கழுவுதொட்டி, சோப்பு, துண்டு, வெளுத்த உடை, பால், தாய் வந்து பாலூட்டுவதற்குக் கால்மணி வீதம் இருமுறை இடைவேளை. எல்லாவற்றுக்கும் எண் உண்டு. எத்தனை முறை துணி மாற்ற வேண்டும், அதற்கு எத்தனை கைகள் வேண்டும் என்பதற்கு மட்டும் எண் இல்லை.

கணக்கு வாத்தியார் குணம் போகாது, சிறிது பொறுங்கள். ஒரு காப்பகத்தில் முப்பது கைக்குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வு நேரத்தையும் சேர்த்துத் தாய் பத்து மணி நேரம் ஆலையில் இருக்கிறாள். இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றினால் ஒரு குழந்தைக்கு ஐந்து முறை. முப்பது குழந்தைகளுக்கு நூற்றைம்பது. அவிழ்த்து, கழுவி, துடைத்து, வேறு துணி கட்டி, ஆயா தன் கையையும் கழுவிக்கொள்ள நான்கு நிமிடம் ஆகுமென்றால் மொத்தம் அறுநூறு நிமிடம். அதாவது பத்து மணி! ஒரே ஓர் ஆயா இருந்தால், காலைச் சங்கு முதல் மாலைச் சங்கு வரை அவள் துணி மாற்றுவதன்றி வேறொன்றும் செய்ய இயலாது. பால் புகட்ட முடியாது, தொட்டில் ஆட்ட முடியாது, தான் ஒரு வாய் சோறு உண்ணவும் முடியாது. ஐப்பசி மழையில் துணி காயாத நாளில் நூற்றைம்பது துணி முந்நூறாக வேண்டும். ஆகவே 'எத்தனை முறை' என்ற கேள்வி உண்மையில் துணியைப் பற்றியதன்று. ஆட்களையும் தண்ணீரையும் பற்றியது. கை குறைந்த இடத்தில் ஐந்து மூன்றாகும், மூன்று இரண்டாகும். பதிவேட்டில் மட்டும் ஐந்தாகவே நிற்கும்.

ஐம்பது என்ற எண்ணிலும் ஒரு சூழ்ச்சி புகுந்தது. பெண்களின் தொகை ஐம்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் காப்பகமே வேண்டியதில்லை அல்லவா? இப்படி நடப்பதாகத் தொழிலாளர் நலம் பேசுவோர் நெடுங்காலம் குறைகூறி வந்தனர். 1976-இல் அந்த எண் முப்பதாகக் குறைக்கப்பட்டது.

ஆலைக்கு வெளியே, பெரியாற்று நீர் பாயும் மேலூர், வாடிப்பட்டி வயல்களில் சட்டமும் இல்லை, சங்கும் இல்லை. நடவு நடும் தாய் வரப்போரத்து மரக்கிளையில் சேலைத் தொட்டில் கட்டிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். தொட்டிலை ஆட்டவும் துணியை மாற்றவும் அக்காள் நின்றாள். அந்த அக்காளை நான் அறிவேன். என் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் நடவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் அவள் பெயருக்கு நேரே தொடர்ந்து வெற்றிடம் இருக்கும். ஒரு முறை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இடுப்பில் தம்பியோடு வகுப்புக்கு வந்துவிட்டாள். அவனை வெளியே விட்டு வரச் சொன்னேன். அவளும் பேசாமல் வெளியே சென்றாள். அந்த ஆண்டு முழுவதும் திரும்பி வரவில்லை. நான் கற்ற ஆசிரியப் பயிற்சியில் இதற்கு விடை இல்லை. அன்று வேறுவிதமாகச் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் எண்ணுகிறேன்.

1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் முதன்முதல் தொடங்கப்பட்டது. குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை குறைந்தவர்களுக்குச் சத்துணவு தந்தார்கள். பின்னர் அங்கன்வாடிகள் பெருகின. அவை செய்த நன்மை பெரிது. ஆனால் நம் மாநிலத்தில் அங்கன்வாடிக்குப் பிள்ளைகள் வரத் தொடங்குவது இரண்டு வயதில். ஈரத்துணியின் காலம் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடுகிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள இடைவெளியை இன்னமும் பெரும்பாலும் அக்காளும் பாட்டியுமே அடைக்கிறார்கள்.

இனி, எத்தனை முறை என்பதற்கு மருத்துவர் சொல்லும் விடை யாது? ஈரத்துணியால் வரும் தோற்புண்ணுக்குச் சிறுநீரிலிருந்து பிறக்கும் அமோனியாவே காரணம் என்று 1921-இல் குக் என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதினார். உலகம் அறுபதாண்டுகள் அதையே நம்பியது. 1980-களில் நடந்த ஆராய்ச்சிகள், ஈரமும் உராய்வும் தோலை மெலியச் செய்ய, மலத்திலுள்ள செரிமான நொதிகளே அதனை அரிக்கின்றன என்றும், சிறுநீர் சேரும்போது அவற்றின் வேகம் மிகுகிறது என்றும் காட்டின. ஆகையால் மலம் கழித்த துணியை அந்நொடியே மாற்ற வேண்டும். அதற்குக் கடிகாரம் பார்க்கக் கூடாது. வெறும் ஈரமாயின் இரண்டு அல்லது மூன்று மணிக்கு ஒருமுறையேனும் பார்த்து மாற்ற வேண்டும். மாற்றியவர் ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். இல்லையேல் ஒரு குழந்தையின் வயிற்றுப்போக்கு ஒரு வாரத்தில் காப்பகம் முழுவதற்கும் உரியதாகிவிடும்.

1961-இல் அமெரிக்காவில் 'பாம்பர்ஸ்' என்னும், ஒருமுறை அணிந்து எறியும் அணையாடை விற்பனைக்கு வந்தது. பின்னாளில் நீரைப் பன்மடங்கு உறிஞ்சும் வேதிப்பொருளையும் அவ்வகை அணையாடைகளில் சேர்த்தார்கள். இன்று மதுரைத் தெருமுனைக் கடையிலும் அவை சரமாகத் தொங்குகின்றன. தோல் காய்ந்திருக்கிறது, குழந்தை அழுவதில்லை, ஆயாவுக்குத் துவைக்கும் வேலையும் இல்லை. நன்மைதான். ஆனால் அழுகை என்ற மணி இங்கேயும் அடங்கிவிடுகிறது. உள்ளே மலம் இருப்பதைப் பார்த்தறிந்தால்தான் உண்டு.

2017-இல் மகப்பேற்று நலச் சட்டம் திருத்தப்பட்டபோது ஐம்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஐம்பது பெண்கள் என்றில்லை, ஆணும் பெண்ணுமாய் ஐம்பது பேர். பெண்ணை வேலைக்கு எடுத்ததனால் வந்த செலவு என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. தாய் நாளில் நான்கு முறை குழந்தையைச் சென்று காணலாம் என்றும் அத்திருத்தம் கூறியது. அடுத்த ஆண்டு வந்த வழிகாட்டு நெறிகள் மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் வேண்டும் என்றன. சற்றுமுன் போட்ட கணக்கை நினைவு கூருங்கள்: ஓர் ஆயா முப்பது குழந்தைகளுக்குச் செலவிட்ட அறுநூறு நிமிடம், பத்துக் குழந்தைகளுக்கு இருநூறாகிறது. மிஞ்சும் நேரத்தில் பாலூட்டலாம், தாலாட்டலாம். அந்த நான்கு முறையும் தாய் உள்ளே நுழைந்ததும் முதலில் செய்வது என்னவென்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவள் கை துணிக்கு அடியில் போய்விடும்.