ஸ்வாப் பார்ட்டிஷன்: ஒரு ஜெர்மன்காரர் கேட்டதும், நாம இழந்த இடமும்

2011 செப்டம்பர் 15 அன்னைக்கு தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தை ஆரம்பிச்சப்போ ஒரு விஷயத்தை யாரும் பெரிசா கண்டுக்கல. அதுல விண்டோஸோட சேர்த்து சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. அரசுப் பள்ளிப் பசங்க கைக்கு மொத்தமா ட்யூயல் பூட் மெஷின்! பாகாயத்துல எங்க தெருவுலயே நாலு வீட்டுக்கு வந்துச்சு.

அதுல ஒண்ணு அத்தை பொண்ணோடது. மாமா ஆம்பூர்ல ஷூ கம்பெனி வேலை. அந்த வீட்டுக்கு அதுதான் ஒரே கம்ப்யூட்டர். நர்சிங் நோட்ஸ் எல்லாம் அதுலதான். சி டிரைவ் ரொம்பிப் போச்சு. "இங்க 4 ஜிபி பேரே இல்லாம சும்மா கெடக்குதே மாமா, எடுத்துடலாமா?"ன்னு கேட்டா. அதுதாங்க ஸ்வாப்.

சும்மா கெடக்கற இடம் இல்ல அது, ஒரு பழைய பஞ்சத்தோட மிச்சம். 1962ல மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துல டாம் கில்பர்ன் குழு கட்டின அட்லஸ் கம்ப்யூட்டருக்கு உள் நினைவகம் வெறும் 16 ஆயிரம் சொச்சம் வார்த்தைகள். பக்கத்துல சுத்தற காந்த உருளையில அதைப் போல ஆறு மடங்கு. ரெண்டையும் ஒரே நினைவகம் மாதிரி புரோகிராமுக்குக் காட்டினாங்க. தேவைப்படாத பக்கம் உருளைக்குப் போகும், கேட்டா திரும்பி வரும். இன்னைக்கு நம்ம ஸ்வாப் செய்யறதும் இதையேதான்.

லினக்ஸுக்கு இது வந்த கதைதான் எனக்குப் பிடிச்சது. 1991 டிசம்பர்ல, 2 எம்பி ரேம் மட்டும் வச்சிருந்த ஜெர்மன்காரர் ஒருத்தர் கெர்னலை கம்பைல் பண்ண முடியலைன்னு சொல்ல, லினஸ் டோர்வால்ட்ஸ் கிறிஸ்துமஸ் லீவுல உக்காந்து எழுதிட்டார். 1992 ஜனவரியில வந்த 0.12 பதிப்புல அது இருந்துச்சு. முகம் தெரியாத ஒருத்தரோட ஏழ்மை மொத்த உலகத்துக்கும் வசதியாச்சு பாருங்க :-)

ஆரம்பத்துல ஒரு ஸ்வாப் பகுதி சுமார் 128 எம்பிக்கு மேல போகாது. எந்தெந்தப் பக்கம் நல்லதுன்னு குறிச்சு வைக்க ஒரே ஒரு 4 கேபி பக்கம்தான் ஒதுக்கியிருந்தாங்க, அதனால. 1999ல 2.2 கெர்னல் வந்து அதைத் தீர்த்துச்சு. "ரேமைப் போல ரெண்டு மடங்கு"ங்கிற வேதவாக்கு 2001ல வந்த 2.4ன் ஆரம்பப் பதிப்புகளுக்கு நிஜமாவே பொருந்துச்சு. அப்புறமும் யோசிக்காம அதையே சொல்லிட்டு இருந்தோம்.

உண்மையில 2003 டிசம்பர்ல 2.6 வந்தப்பவே தனிப் பார்ட்டிஷனுக்கான காரணம் போயிடுச்சு. ஸ்வாப் ஃபைல் டிஸ்க்குல எங்கெங்க இருக்குன்னு கெர்னல் முதல்லயே குறிச்சு வச்சுக்கிட்டு நேரா எழுதுது, அதனால வேகம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். உபுண்டு இதை ஏத்துக்க 2017 ஏப்ரல் (17.04) ஆச்சு! விண்டோஸ் என்டி 1993லயே பேஜ்ஃபைல்னு ஃபைலாத்தான் வச்சிருந்துச்சு. இந்த ஒரு விஷயத்துல அவங்க பக்கம் பேசித்தான் ஆகணும்.

சரி, லேப்டாப்புக்கு வருவோம். ரேம் 2 ஜிபிதான், ஸ்வாப்பே இல்லாம விட முடியாது. முதல்ல ரூட்லயே 1 ஜிபிக்கு ஸ்வாப் ஃபைல் போட்டேன். பழசை ஸ்வாப்ஆஃப் பண்ணி, எஃப்எஸ்டேப்ல அந்த வரியை மாத்தி, ஹைபர்னேட்டுக்காக இனிட்ராம்எஃப்எஸ்ல இருந்த ரெஸ்யூம் குறிப்பையும் நீக்கினேன். இந்தக் கடைசி வேலையை விட்டா பூட் ஆகறப்போ இல்லாத பார்ட்டிஷனைத் தேடிட்டு நிக்கும். அப்புறம்தான் ஜிபார்ட்டட்.

ஆனா சி டிரைவுக்கும் அந்தக் காலி இடத்துக்கும் நடுவுல லினக்ஸ் உக்காந்திருந்துச்சு. பக்கத்துல ஒட்டியிருந்தாத்தான் சேர்க்க முடியும். லினக்ஸை நகர்த்தறப்போ கரண்ட் போனா நோட்ஸோட சேர்த்து எல்லாம் போச்சு. அதனால நகர்த்தலை. அந்த 4 ஜிபியை என்டிஎஃப்எஸ்ஸா ஃபார்மட் பண்ணி விண்டோஸ்ல ஈ டிரைவ்னு காட்டினேன். நோட்ஸ் இப்ப அங்க இருக்கு, பென்டிரைவ்ல ஒரு காப்பியும்.