தலைப்பு கிடைக்கலையா? ஸாரா கதையைக் கேளுங்க

போன மாசம் அக்கா பையன் போன் பண்ணினான். பிளஸ் ஒன் படிக்கிறான்.

"மாமா, கணக்குல ஆராய்ச்சி புராஜெக்ட் ஒண்ணு பண்ணணும். ரீமான் கருதுகோள் எடுத்துக்கட்டுமா? ரெண்டு மாசம் டைம் இருக்கு."

1859-ல ரீமான் சொல்லிட்டுப் போனது. இன்னிக்கு வரைக்கும் யாரும் நிரூபிக்கலை. இவனுக்கு ரெண்டு மாசம் போதுமாம்! சிரிச்சேன். அவன் சிரிக்கலை.

"சின்னதா எடுத்தா புதுசா ஒண்ணும் வராது. பெருசா எடுத்தா முடியாது. தப்பாப் போயிட்டா மானமே போயிடும் மாமா."

அந்தக் கடைசி வரிதான் உண்மையான பயம்னு புரிஞ்சுது. அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்றேன்.

அயர்லாந்தில் கார்க் மாவட்டம், பிளார்னி என்கிற ஊர். அங்கே ஸாரா ஃபிளானரின்னு ஒரு பொண்ணு, 1982-ல் பிறந்தவர். அப்பா டேவிட் கணக்கு வாத்தியார். வீட்டுச் சமையலறையில் ஒரு கரும்பலகை, அதில் எப்பவும் ஏதாவது புதிர் இருக்கும். பசங்க சாப்பிட்டுக்கிட்டே யோசிக்கணும்!

1998-ல் பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் போட்டிக்கு ஸாரா எடுத்த தலைப்பு சங்கேத எழுத்து. அதில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் கிடையாது. ஏற்கெனவே இருந்ததைத் தான் புரிஞ்சுக்கிட்டு, அடுத்தவங்களுக்கும் புரிய வெச்சார். அவ்வளவுதான். இதுதான் முதல் படி.

அப்புறம் டப்ளினில் ஒரு கம்பெனியில் கொஞ்ச நாள் வேலை பழகப் போனார். அங்கே மைக்கேல் பர்சர் என்கிற கணித அறிஞரின் யோசனை ஒன்று காதில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, எண்களுக்குப் பதிலாக 2×2 அணிகளை வைத்து ஒரு முறையை உருவாக்கினார். எண்களில் 3×5, 5×3 இரண்டும் ஒன்றுதான். அணிகளில் வரிசையை மாற்றினால் பெரும்பாலும் விடையே மாறிவிடும். அந்தக் குணம்தான் பூட்டு. 1977-ல் வந்த ஆர்எஸ்ஏ முறையில் பெரிய எண்களைப் பெரிய அடுக்குகளுக்கு உயர்த்த வேண்டும். இதில் சில பெருக்கல்கள் போதும், அதனால் பல மடங்கு வேகம். அணிகளின் இயற்கணிதத்தை வகுத்த ஆர்தர் கெய்லி பெயரையும் பர்சர் பெயரையும் சேர்த்து, கெய்லி-பர்சர் முறை என்று பெயர் வைத்தார்.

1999 ஜனவரியில் அயர்லாந்தின் இளம் விஞ்ஞானி பரிசு. வயசு 16. உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் செய்தி!

இங்கேதான் விஷயமே. அந்த முறையில் ஒரு ஓட்டை இருந்தது. எல்லாருக்கும் தெரியும்படி வைக்கிற பொதுச் சாவியிலிருந்தே, ரகசிய அணிக்குப் பதிலாக வேலை செய்யும் இன்னொரு அணியைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். பூட்டு உடைஞ்சு போச்சு.

ஸாரா என்ன பண்ணினார்? மறைக்கலை. எப்படி உடைக்கலாம் என்பதைத் தன் கட்டுரையிலேயே பின்குறிப்பாகச் சேர்த்தார். அதே 1999-ல் ஐரோப்பிய இளம் விஞ்ஞானி போட்டியிலும் பரிசு வாங்கினார். பிறகு அப்பாவும் மகளும் சேர்ந்து 'இன் கோட்' என்று புத்தகமே எழுதினார்கள்.

கதையைக் கேட்டுட்டு நம்ம பையன் கொஞ்ச நேரம் பேசலை. "அப்ப தப்பாப் போனாலும் பரவாயில்லையா?"

"தப்பு எங்கேன்னு காட்டத் தெரிஞ்சா போதும்டா."

அணிகளிலேயே ஒரு சின்னக் கேள்வி கொடுத்தேன். 0, 1 மட்டும் வரும் 2×2 அணிகள் மொத்தம் 16. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் பூஜ்யம்னு வெச்சுக்கோ. ஜோடிகள் 256. எத்தனை ஜோடிகளில் வரிசையை மாற்றினாலும் ஒரே விடை வரும்?

நாலு நாள் கழிச்சு போன். "84 மாமா." எனக்கு 88 வந்திருந்தது. சொல்லலை, மறுபடி பாருடான்னேன். ராத்திரி பத்தரைக்குத் திரும்பக் கூப்பிட்டான்.

"88 மாமா! முதல்ல 84 எப்படி வந்துதுன்னும் நோட்டுல எழுதி வெச்சுட்டேன்."

இப்ப 0, 1, 2 வெச்சு 81 அணிகளோட மல்லுக்கட்டிக்கிட்டிருக்கான். ரீமான் பாவம், இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.