தன் குரல் தாழ்த்திய தலைவர்: கிளென் மில்லரின் கூட்டிசை

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதிகளை இளங்கோவடிகள் முறையாகச் சொல்லிச் செல்கிறார். அவற்றுள் தண்ணுமையோனுக்கு உரைக்கப்படும் தகுதி ஒன்று தனித்து நோக்கத்தக்கது. பிற கருவிகளின் இசையில் குறை தோன்றுமிடத்து நிரப்புதலும், மிகுமிடத்து அடக்குதலும் அவன் கடன். கைத்திறத்தை எங்கே காட்டாது விடுவது என்று அறிவதும் கூட்டிசைக் கல்வியின் ஒரு கூறு என்பது இதனால் பெறப்படும்.

இக்கல்வியைப் பல ஆண்டுத் தோல்விக்குப் பின் கற்றுத் தேர்ந்த ஓர் அமெரிக்க இளைஞரின் வரலாறு இருபதாம் நூற்றாண்டு இசையுலகில் உண்டு. அவர் பெயர் கிளென் மில்லர். அவருடைய கருவி டிராம்போன். அணிவகுப்புப் பேண்டு வாத்தியங்களில் பெரும்பாலும் முன்வரிசையில் வரும் நீண்ட பித்தளைக் குழாய் அது. அதில் துளைகள் இல்லை. விரலால் அழுத்தும் கட்டைகளும் பொதுவாக இல்லை. உட்குழாயின் மேல் வெளிக்குழாயை நீட்டியும் சுருக்கியும் ஏழு நிலைகளில் நிறுத்திச் சுரம் பிறப்பிக்க வேண்டும். சரியான இடம் எது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்; கண்ணுக்கு அதில் வேலை இல்லை. நம் இசையில் கமகம் என்று போற்றப்படும் வழுக்கல் இக்கருவிக்கு இயல்பிலேயே அமைந்தது. அதனால்தான் இதை வாசிப்பவர்க்குத் தனித்துப் பாடும் ஆசை மிகுதியாக எழுகிறது போலும்.

மில்லர் 1904 மார்ச் 1ஆம் நாள் அயோவா மாநிலத்துக் கிளாரிண்டா என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பம் நெப்ராஸ்கா, மிசௌரி, கொலராடோ என ஊர் மாறிக்கொண்டே இருந்தது. மிசௌரியில் இருந்தபோது மாடு கறந்து ஈட்டிய காசில் முதல் டிராம்போனை வாங்கினார் என்பர். கொலராடோவின் ஃபோர்ட் மார்கன் பள்ளியில் இறுதி வகுப்புப் படிக்கையில் நடன இசை என்னும் புதிய மோகம் அவரைப் பற்றியது. உடன் பயின்றோர் சிலரைச் சேர்த்து அப்போதே ஒரு குழு அமைத்தார். 1921இல் பள்ளிப் படிப்பு முடிந்தது. 1923இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரு பருவத்தில் எழுதிய ஐந்து பாடங்களுள் மூன்றில் தோற்றார். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. வகுப்பறையில் இருந்த நேரத்தைக் காட்டிலும் நடன அரங்குகளில் வாசித்த நேரமே மிகுதி.

1926இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பென் போலக் என்பாரின் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பென்னி குட்மன் அதே குழுவில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தார். மில்லர் தனி வாசிப்பில் பெயர் பெற விழைந்த காலம் அது. டிராம்போனுக்குரிய 125 ஜாஸ் துணுக்குகளைத் தொகுத்த நூல் ஒன்று 1928இல் அவர் பெயரால் சிக்காகோவில் வெளியாயிற்று. இருபத்து நான்கு வயதில் தம் கருவிக்கு இலக்கணம் எழுதத் துணிந்த இளைஞரின் தன்னம்பிக்கையை அந்நூலில் காணலாம்.

அதே ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்துக்காரரான ஜாக் டீகார்டன் அக்குழுவில் வந்து சேர்ந்தார். அவரும் டிராம்போன் கலைஞர். மில்லரைவிட ஓராண்டு இளையவர். ஆனால் அவர் வாசித்தால் குழாய் பேசியது. புளூஸ் என்னும் கறுப்பின மக்களின் துயரப் பாட்டு வகையை மனோதர்மத்தோடு அவர் விரித்த முறைக்கு அக்காலத்தில் இணை சொல்ல ஆளில்லை. மில்லருக்குரிய தனி வாசிப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்து டீகார்டனிடம் போயின.

ஒரு கலைஞனின் வாழ்வில் இதனினும் கொடிய தருணம் இல்லை. தன் துறையில் தன்னைவிட வல்லவன் ஒருவன் அருகிலேயே அமர்ந்திருக்கிறான். இரவுதோறும் அவன் வாசிப்பைக் கேட்டாக வேண்டும். இங்கே அழுக்காறு கொண்டு அழிந்தோர் எல்லா மொழிக் கலை வரலாற்றிலும் உள்ளனர். கவியரங்குகளுக்கும் இது புதிதன்று. மில்லருக்கு அழுக்காறு இருந்ததா என்று அறுதியிட இயலாது. அவர் தம் உள்ளத்தை வெளிக்காட்டாத மனிதர். செய்ததை மட்டும் கொண்டு பார்த்தால், 1931இல் 'பேசின் ஸ்ட்ரீட் புளூஸ்' என்னும் பாடலின் ஒலிப்பதிவுக்கு இருவரும் சேர்ந்தே உழைத்தனர். அதற்கு முன்னிசையும் சொற்களும் தாங்கள் இருவருமே கூடி இயற்றியவை என்று பின்னாளில் டீகார்டன் கூறியிருக்கிறார்.

மில்லர் திரும்பிய வழி வேறு. ஒரு மெட்டை எடுத்து, எந்தக் கருவி எவ்விடத்தில் எதை ஒலிக்க வேண்டும் என்று முன்னரே எழுதித் தரும் இசையமைவுப் பணியில் அவர் முழுமூச்சாக இறங்கினார். ஸ்விங் காலத்துப் பெருங்குழுக்களில் பன்னிரண்டு முதல் பதினேழு பேர் வரை இருப்பர். சாக்ஸபோன்கள் ஒரு வரிசை, டிரம்பெட்டுகளும் டிராம்போன்களும் மற்றொரு வரிசை, தாளக் கருவிகள் பின்னே. ஒரு வரிசை வினவ, மற்றொன்று விடை சொல்லும். இம்முறையை 1920களில் நியூயார்க்கில் வகுத்துத் தந்தோர் பிளெச்சர் ஹெண்டர்சன், டான் ரெட்மன் முதலிய கறுப்பினக் கலைஞர்கள். 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸின் பாலோமர் நடன அரங்கில் குட்மனின் குழு வாசித்து இளைஞர் கூட்டத்தை ஆர்ப்பரிக்கச் செய்தபோது, அங்கு ஒலித்தவற்றுள் சிறந்தவை ஹெண்டர்சன் எழுதித் தந்தவையே. அந்த இரவை ஸ்விங் காலத்தின் தொடக்கம் என்று எழுதுவது வழக்கம். ஹெண்டர்சனை நினைத்தால் அவ்வழக்கு பொருந்தாது.

நியூயார்க்கில் மில்லர் பிறர் குழுக்களுக்கு உழைத்த ஆண்டுகள் பல. பிராட்வே நாடக அரங்குகளில் வாசித்தார். டார்சி சகோதரர்களின் குழுவை 1934இல் கட்டி எழுப்பத் துணைநின்றார். அங்கும் டாமி டார்சி என்னும் ஈடற்ற டிராம்போன் கலைஞர் முன்னே நின்றார்! 1935இல் ஆங்கிலேயரான ரே நோபுளுக்காக ஓர் அமெரிக்கக் குழுவை ஆள் தேர்ந்து அமைத்துக் கொடுத்தார். ஜோசப் ஷில்லிங்கர் என்பாரிடம் இசையைக் கணித வழியில் பயின்றதும் இக்காலத்தில்தான். பாடப் பயிற்சிக்காக எழுதிய மெட்டு ஒன்றுக்கு எட்வர்டு ஹேமன் சொல் அமைத்தார், அது நிலைக்கவில்லை. பின்னர் மிச்சல் பாரிஷ் எழுதிய சொற்களோடு 'மூன்லைட் செரினேட்' என்று பெயர் பெற்றது. உலகம் நினைவில் கொண்டதோ சொல்லில்லாத இசையை மட்டுமே. கவிஞர்கள் இதைப் பொறுத்தருள வேண்டும்.

1937இல் தம் பெயரால் முதற்குழுவை அமைத்தார். அது நன்றாகவே வாசித்தது. பிற குழுக்களைப் போலவே வாசித்தது. குறை அதுதான். 1938 ஜனவரி 2ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரின் ரிட்ஸ் நடன அரங்கில் இறுதி நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு அக்குழு கலைந்தது. மில்லருக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. கையில் பொருள் இல்லை. குட்மனும் டார்சியும் புகழின் உச்சியில் இருந்தனர்.

அவ்வாண்டே மீண்டும் ஒரு குழு அமைத்தார். இம்முறை அவர் தேடியது நல்ல வாசிப்பை அன்று. தமக்கே உரிய ஓர் ஒலியை. மெட்டைச் சாக்ஸபோனோ டிரம்பெட்டோ தாங்கிச் செல்வது அக்காலப் பொதுவழக்கு. மில்லர் கிளாரினெட்டை மேலே நிறுத்தினார். ஒரு டெனர் சாக்ஸபோன் அதே மெட்டைக் கீழ்த்தாயியில் பற்றிக்கொள்ள, எஞ்சிய மூன்று சாக்ஸபோன்கள் இடையே இணைசுரங்களை நிரப்பின. ரே நோபுளின் குழுவில் உச்சசுரம் வாசித்த டிரம்பெட் கலைஞர் விலகியபோது, அவருக்கென எழுதிய பகுதியைக் கிளாரினெட்டுக்கு மாற்றியதில் இவ்வெண்ணம் முளைத்தது என்று சொல்லப்படுகிறது. வில்பர் ஷுவார்ட்ஸ் என்னும் இளைஞர் அக்கிளாரினெட் இடத்தில் அமர்ந்தார். ஐந்து கருவிகள் ஒன்றாகி ஆறாவது கருவி ஒன்று பிறந்தாற்போன்ற ஒலி எழுந்தது. அதில் எந்த ஒருவர் குரலையும் பிரித்தெடுத்துக் கேட்க இயலாது. மில்லரின் டிராம்போன் அந்த ஒலியின் நடுவே இல்லை என்பது ஈண்டு உன்னத்தக்கது. இளமை முதல் ஏங்கிய தலைமை கைக்கு வந்தபோது, அதன் நடுவிடத்தை வேறொரு கருவிக்குக் கொடுத்தார்.

1939 வேனிற்காலத்தில் நியூயார்க்கை அடுத்த நியூ ரோஷல் ஊரின் கிளென் ஐலண்டு காசினோவில் நிகழ்ந்த வாசிப்புகள் வானொலி வழி நாடெங்கும் சென்றன. அதன்பின் நடந்தது விரைவாகச் சொல்லக்கூடியது. 'மூன்லைட் செரினேட்', 'இன் தி மூட்' ஆகியன அவ்வாண்டிலேயே இசைத்தட்டுகளாக வந்தன. 'சாட்டனூகா சூ சூ' 12 இலட்சம் படிகள் விற்றமைக்காக 1942 பிப்ரவரியில் பொன்முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று அவருக்கு அளிக்கப்பட்டது. 'தங்கத் தட்டு' என்னும் வழக்கம் இசைத்தொழிலில் அங்கிருந்து தொடங்குகிறது.

ஜாஸ் திறனாய்வாளர் பலர் இவ்வெற்றியை ஏற்கவில்லை. மில்லரின் குழுவில் உடையும் ஒழுங்கு, நிற்கும் நிலையும் ஒழுங்கு, இசையும் ஒழுங்கு, மனோதர்மத்துக்கு இடமில்லை, தனி வாசிப்பும் இரவுக்கு இரவு மாறாமல் ஒப்பிக்கப்பட்டது என்பது அவர்தம் குற்றச்சாட்டு. இது பெரும்பாலும் உண்மை. டியூக் எலிங்டன் தம் கலைஞர் ஒவ்வொருவரின் தனிக்குரலையும் எண்ணியே எழுதினார். கவுண்ட் பேசியின் குழுவில் தனி வாசிப்பு சிறகு விரித்தது. அவர்களோடு ஒப்பிட, மில்லரின் ஒலி நெய்தெடுத்த பட்டுப் போல அழகியது, ஆனால் இழை ஒவ்வொன்றும் அடங்கியது. தம் குரலைத் தாழ்த்த அறிந்தவர் பிறர் குரலையும் தாழ்த்தினார். முன்னது துறவு, பின்னதை அப்பெயரால் அழைக்க இயலாது.

கடன் ஒன்றும் உண்டு. 'இன் தி மூட்' மெட்டின் ஆசிரியர் ஜோ கார்லண்டு என்னும் கறுப்பினக் கலைஞர். அதன் அடிநாதமான சிறு இசைத்தொடரோ விங்கி மனோனின் 1930ஆம் ஆண்டு ஒலிப்பதிவிலும், ஹெண்டர்சன் குழுவின் 1931ஆம் ஆண்டு ஒலிப்பதிவிலும் முன்னரே கேட்பது. கார்லண்டு எழுதித் தந்ததை 1938இல் ஆர்ட்டி ஷா தம் நிகழ்ச்சிகளில் வாசித்தார். இசைத்தட்டுக்கு அது நீளமாக இருந்தது. மில்லர் அதை வெட்டிச் சுருக்கினார். முடிந்ததுபோல் தாழ்ந்து தாழ்ந்து, திடீரென எழும் அந்த இறுதிப் பகுதியைச் செதுக்கினார். பதிப்பாசிரியரின் கத்தரிக்கோலும் படைப்புக் கருவியே என்பதற்கு இது சான்று. எனினும் 'டக்சீடோ ஜங்ஷன்' அலபாமாவின் எர்ஸ்கின் ஹாக்கின்ஸ் குழுவினரது ஆக்கம் என்பதும், மில்லரின் இசைத்தட்டு 1940இல் அதனினும் பன்மடங்கு பரவியது என்பதும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும். வெள்ளையர் குழுவுக்குத் திறந்திருந்த விடுதிகளும் வானொலி நேரங்களும் கறுப்பினக் குழுக்களுக்கு அவ்வாறு திறந்திருக்கவில்லை.

புகழ் முழுமையாக இருந்தபோதே, 1942 செப்டம்பர் 27ஆம் நாள் நியூ ஜெர்சியின் பசேயிக் நகரில் அக்குழுவைக் கலைத்துவிட்டு மில்லர் படையில் சேர்ந்தார். கட்டாயப் படைச்சேவைக்கு அழைக்கப்படும் வயதை அவர் கடந்திருந்தார். வான்படையில் ஏறத்தாழ ஐம்பது பேர் கொண்ட பெருங்குழு ஒன்றை அமைத்தார்; நரம்பிசைக் கருவிகளும் அதில் இடம்பெற்றன. ஹாண்டியின் புளூஸ் பாட்டு ஒன்று அங்கே அணிவகுப்பு நடையாக மாறியது. பழைய மரபினர் முகம் சுளித்தனர், படைவீரர் மகிழ்ந்தனர். 1944 கோடையில் குழு இங்கிலாந்து சென்றது.

1944 டிசம்பர் 15ஆம் நாள் பெட்ஃபோர்டுக்கு அருகில் உள்ள ட்வின்வுட் வான்தளத்திலிருந்து ஒற்றை எஞ்சின் விமானத்தில் மில்லர் பாரிசுக்குப் புறப்பட்டார். குழுவுக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்ய அவர் முன்னே சென்றார். ஆங்கிலக் கால்வாயின் மேல் அவ்விமானம் மறைந்தது. உடலோ உடைந்த பகுதியோ கிடைக்கவில்லை. செய்தி டிசம்பர் 24ஆம் நாள்தான் வெளியிடப்பட்டது. அதற்குள் குழுவினர் பாரிசு வந்து சேர்ந்திருந்தனர். இசையமைவாளர் ஜெர்ரி கிரேயும் தாளக் கலைஞர் ரே மக்கின்லியும் தலைமை ஏற்க, மில்லர் எழுதி வைத்த தாள்களைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர்கள் வாசித்தனர். 1945 கோடையில் தாயகம் திரும்பும் வரை அந்த ஒலி மாறவில்லை.