குணசேகரனின் இரண்டு குரல்கள்: ‘பராசக்தி’ நடிப்பை ஊவாத் தோட்டங்களிலிருந்து மீளக் கேட்டல்

தமிழ்த் திரையின் நாயக நடிப்பை வரிசைப்படுத்த முனைந்த ஆய்வாளர்களில் ஒரு சாரார் ஏறத்தாழ ஒரே ஏணியைத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். மேற்படியில் ‘முதல் மரியாதை’ (1985). அதற்குக் கீழே ‘தெய்வமகன்’ (1969), ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) முதலியவை இடம் மாறி மாறி நிற்கும். ‘பராசக்தி’ (1952) அடிப்படியில், ஒரு பெருநடிகரின் அறிமுகம் என்ற மரியாதையோடு விடப்படும். மேடையின் உரத்த பேச்சு கமராவுக்கு முன்னால் மெல்ல மெல்ல அடங்கிய கதையாகவே சிவாஜி கணேசனின் நடிப்பு அங்கே சொல்லப்படுகிறது. அடங்க அடங்க உயர்வு என்பதே அவர்களின் அளவுகோல்.

‘பராசக்தி’யில் சிவாஜி ஏற்ற நாயகன் குணசேகரன் முதற்படிக்கு உரியவன் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. ஆனால் அதற்கு நான் அவன் நீண்டு பேசும் நீதிமன்றக் காட்சியைத் துணைக்கு அழைக்கப்போவதில்லை. அந்தக் காட்சியைப் போற்றியவர்களும் பழித்தவர்களும் ஒரே மூலத்தில் வழுக்கி விழுந்தவர்கள் என்பது என் எண்ணம்.

அந்த மூலம் வசன நூல். மு. கருணாநிதியின் உரையாடல் அச்சேறி, படத்தைப் பாராதவர்களும் படிக்கும் நூலாயிற்று. சென்னை மூர் மார்க்கெட் பக்கம் அதை நீள நீளமாய் ஒப்பித்துக் காசு வாங்கியவர்களும் உண்டு. படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அச்சுப் பக்கத்தையே புரட்டுகிறார்கள். அச்சில் நீதிமன்றப் பேச்சு கம்பீரமாக நிற்கும். அடுக்கும் ஏற்றமும் கண்ணுக்கே தெரியும், மேற்கோள் காட்டவும் வசதி. அதே கண்ணுக்கு, குணசேகரன் பைத்தியக்காரனாகத் திரியும் பகுதிகள் வெறும் கேலித் துணுக்குகள். அவற்றை எடுத்தாண்டு யாரும் ஒரு பந்தி எழுதிவிட முடியாது. ஆகவே எழுதப்படவில்லை. எழுத்தாளரின் உச்சம் நடிகரின் உச்சமாகக் கொள்ளப்பட்டது இப்படித்தான் என்று கருதுகிறேன். நூலை மூடி வைத்துவிட்டுப் படத்தைக் கேட்டால் கனம் வேறிடத்தில் விழுகிறது.

கப்பல் வந்து சேர்ந்ததிலிருந்து பார்ப்போம். ரங்கூனில் வசதியாக வாழ்ந்த மூன்று சகோதரர்களில் இளையவன், மதுரையிலுள்ள தங்கையின் கல்யாணத்துக்காகப் புறப்பட்டு, யுத்தத்தால் மாதக்கணக்கில் தாமதித்துச் சென்னையில் இறங்குகிறான். தாய்நாடு அவனுக்கு முதலில் கொடுப்பது ஒரு காட்சியை அன்று, ஒரு குரலை: பிச்சைக்காரனின் குரல். நடன அரங்கில் பழகிய ஒருத்தி மயக்கம் கொடுத்து அவனிடமிருந்த எல்லாவற்றையும் பறித்துக்கொள்கிறாள். வயிற்றுப்பாட்டுக்காகப் பைத்தியமாக நடிக்கத் தொடங்குகிறான். தங்கை கல்யாணியைக் கண்டுபிடிக்கும்போது அவள் கணவனையும் தகப்பனையும் இழந்து, கைக்குழந்தையோடு, பலகாரம் விற்றுப் பிழைக்கிறாள். வெறுங்கையோடு வந்தவன் அண்ணன் என்று சொல்லிக்கொள்ள நாணி, பைத்தியமாகவே அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறான்.

இங்கே நடிகர் சுமக்கும் வேலையைக் கவனிக்க வேண்டும். குணசேகரனே ஒரு நடிகன் ஆகிவிட்டான். அவனுடைய நடிப்பைத் தங்கை நம்ப வேண்டும், நாம் நம்பக்கூடாது. அவளுக்கு அவன் தொல்லை, நமக்கு அண்ணன். இரண்டையும் ஒரே தொண்டையில் வைக்க வேண்டும். சொற்களை இழுத்தும் நறுக்கியும் பிதற்றும் குரலுக்கு அடியில் மற்றொரு குரல் ஓடுகிறது. அவள் எரிச்சலோடு விரட்டும்போது பிதற்றல் ஒரு கணம் தடுக்கி, உடனே பழைய வேகத்தில் கிளம்புகிறது. அந்தத் தடுக்கலில் அண்ணன் தலைகாட்டி மறைகிறான். அச்சில் அது ஒரு முற்றுப்புள்ளியாகக்கூட விழாது. முரடன் ஒருவனிடமிருந்து அவளைக் காப்பாற்றும் இடத்திலும் அவன் தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை.

அடக்கம்தான் அளவுகோல் என்றால், இதைவிட அடக்கம் எங்கே இருக்கிறது? சொல்ல வேண்டிய ஒரேயொரு சொல்லை அவன் விழுங்கிக்கொண்டே இருக்கிறான். அது கூச்சலுக்குள் ஒளிந்திருப்பதால் மௌனத்தில் மட்டுமே அடக்கத்தைத் தேடுகிறவர்களுக்குத் தட்டுப்படவில்லை. ‘முதல் மரியாதை’யில் அடக்கம் முகத்தில் எழுதியிருக்கிறது, கமராவும் அருகில் போய்க் காட்டிக்கொடுக்கிறது. ‘பராசக்தி’யில் அந்த உதவி குறைவு.

காதால் அளக்கும் இந்த முறையை நான் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. அது இலங்கையின் ஊவாவில் பதுளை, பசறை, ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களில் பழகிய முறை. மாசியில் காமன் கூத்து நடக்கும்போது ரதியாக ஆடுகிறவரின் முகம் தீவட்டி வெளிச்சத்தில் முன்னால் நிற்கிற பத்துப் பேருக்குத்தான் தெரியும். மேட்டு லயத்து வாசலில் குந்தியிருக்கிற கிழவிக்கு அவர் ஒரு குரல் மட்டும். மறுநாள் பெரட்டுக்களத்தில் இந்த வருஷத்து ரதி போன வருஷத்து ரதிக்கு ஈடா என்று பேச்சு வரும். அது குரலைப் பற்றிய பேச்சு, ஒப்பாரியில் எந்த இடத்தில் மூச்சு நின்றது என்பதைப் பற்றிய பேச்சு. படங்களும் எங்களுக்கு அப்படித்தான் வந்தன. டவுனுக்குப் போய் ஒரு தடவை பார்த்த படத்தைக் கோயில் திருவிழா ஒலிபெருக்கியில் நூறு தடவை கேட்டோம். இப்படிப் பழகிய காதுக்கு ‘மிகைநடிப்பு’ என்ற குற்றச்சாட்டு பாதிக்குமேல் அர்த்தமற்றது. அது எட்டத் தேவையில்லாத தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் குற்றச்சாட்டு.

ஒரு சாட்சியத்தை இங்கே வைக்கிறேன். ஒருவரை வைத்து ஊரைப் பேசக்கூடாது என்பதை ஒப்புக்கொண்டுதான் வைக்கிறேன். அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, பசறை வீதியில் ஒரு தோட்டத்தில் கவ்வாத்துக்காரர். ‘பராசக்தி’ முழுவதும் அவருக்கு மனப்பாடம். நீதிமன்றப் பேச்சைப் பேசிக் காட்டச் சொல்லிக் கேட்டால் கையை அசைத்துவிடுவார். பைத்தியக்காரன் பகுதியைத்தான் செய்து காட்டுவார், கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, கவ்வாத்துக் கத்தியைக் கவனமாக எட்டத்தில் வைத்துவிட்டு. ஏன் என்று கேட்டதற்கு ஒருநாள் சொன்னார்: “கோர்ட்டுல பேசுறது யாருன்னாலும் பேசலாம் மருமகனே. தங்கச்சி முன்னால பைத்தியமா நிக்கிறது இருக்கே, அது லேசு இல்ல.”

1970களின் நடுவில் அவர் குடும்பத்தோடு பதுளையில் கோச்சி ஏறித் தலைமன்னார் போனார். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அவர் அந்தக் கணக்கில் ஒருவர். கப்பலில் இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், கடைசியில் கூடலூர். அம்மாவுக்கு வந்த கடிதங்களில் எல்லோரும் நலம் என்றே இருக்கும். இறங்கிய முதல் வாரத்திலேயே, உதவ வந்த ஒருவரிடம் சேமலாப நிதிப் பணம் முழுவதையும் பறிகொடுத்ததை நான் பல வருஷம் கழித்துக் கூடலூர் போனபோதுதான் அறிந்தேன். “தங்கச்சிக்கு எழுதிராத” என்றார்.

படம் தாயகம் திரும்பிய தோட்ட மக்களைப் பற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. அது வெளிவந்த 1952 ஒக்டோபர் 17இல் ஒப்பந்தத்துக்கு இன்னும் 12 வருஷம் இருந்தது. ஆனாலும் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்துவிட்டது, வாக்குரிமை போய்விட்டது, அதே 1952 ஏப்ரலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சத்தியாக்கிரகமும் தொடங்கியிருந்தது. எந்த மண் தன்னுடையது என்று தெரியாமல் நிற்பவனின் குரலை எங்கள் மக்கள் உடனே அடையாளம் கண்டதில் வியப்பில்லை. நடிப்பின் தரத்தை நிறுவ இது போதாது என்பார்கள். தனியே போதாதுதான். ஆனால் ஒரு நடிப்பு, தன் கதையில் இல்லாத ஒரு வாழ்க்கையை 20 வருஷம் கழித்தும் தாங்கிக்கொள்கிறது என்றால், அந்தத் தாங்குதிறனுக்கு வரிசையிடலில் இடம் வேண்டும்.

எழக்கூடிய மறுப்புகளில் ஒன்று படப்பிடிப்பு வரலாற்றைச் சார்ந்தது. படத்தின் தயாரிப்பாளர்களில் ஏ.வி. மெய்யப்பன் புதுமுகத்தின் மெலிந்த உடலில் திருப்தியின்றி அவரை மாற்ற விரும்பினார், பி.ஏ. பெருமாள் விடாப்பிடியாக நின்றார், தொடக்கக் காட்சிகள் பின்னர் மறுபடி எடுக்கப்பட்டன. ஒட்டுப்போட்ட நடிப்புக்கு ஒருமை ஏது என்று கேட்கலாம். ஒருமை கேட்கும்போது இருக்கிறது, அவ்வளவே என் பதில். தோட்டங்களில் எம்.ஜி.ஆருக்குத்தான் கூட்டம், அவர் பிறந்ததே நாவலப்பிட்டியில் என்பது இன்னொரு மறுப்பு. கூட்டம் அன்பைக் காட்டும், நடிப்பை அளக்காது. விருதுகளைக் கொண்டும் அளக்க முடியாது. ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) எம்.ஜி.ஆருக்குத் தேசிய விருது பெற்றுத் தந்தது. கட்டபொம்மனுக்காக 1960இல் கெய்ரோவில் கௌரவிக்கப்பட்ட சிவாஜிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கடைசிவரை கிடைக்கவில்லை. பெரிய குறை வேறொன்று: இந்த ஏணிகளில் பெண்கள் இல்லை. ‘நவராத்திரி’யில் (1964) ஒன்பது சிவாஜிகளுக்கும் ஒற்றை ஆளாக ஈடுகொடுத்த சாவித்திரியை எந்தப் படியில் வைப்பது என்று முந்தைய ஆய்வுகள் கேட்டுக்கொள்ளவே இல்லை. என் அளவுகோலும் அவருக்கு இன்னும் சோதித்துப் பார்க்கப்படவில்லை.

இரண்டாம் படிக்கு நான் முன்வைப்பது சிவாஜியை அன்று, ‘ரத்தக்கண்ணீர்’ (1954) படத்தின் எம்.ஆர். ராதாவை. மோகனசுந்தரமும் கடல் கடந்து திரும்பியவன், எல்லாம் இழந்து பிச்சைக்காரன் ஆனவன், தன் மனைவியின் முன்னால் அடையாளமற்று நிற்பவன். குணசேகரன் தங்கைக்குத் தன்னை மறைத்துக்கொள்கிறான். மோகனசுந்தரமோ பார்வை போனவன், எதிரில் நிற்பவள் யாரென்று அவனுக்கே தெரியாது. ராதா அந்த நிலையிலும் குரலில் பணக்காரனின் திமிரைக் கரகரப்பாக மிச்சம் வைத்திருக்கிறார், பிச்சை கேட்கும் வாக்கியத்தில்கூட. ‘முதல் மரியாதை’ இந்த வரிசையில் மூன்றாவது.