உணவை எதில் வைப்பது: நெகிழியா, கண்ணாடியா?

சமைத்த உணவை எந்தக் கலத்தில் வைக்கிறோம், எவ்வளவு நேரம் வைக்கிறோம் என்பவை உடல்நலத்தோடு நேரடித் தொடர்புடையவை. சிறுநீரக நோய், நீரிழிவு, புற்றுநோய் போன்றவற்றுக்குச் சிகிச்சை பெறுவோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர் ஆகியோர் உள்ள வீடுகளில் இதில் கூடுதல் கவனம் தேவை. நெகிழி (பிளாஸ்டிக்), கண்ணாடி, எவர்சில்வர் ஆகியவற்றுள் எதை எப்போது பயன்படுத்தலாம் என்பதைத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதிக் குடும்பங்களின் அன்றாடச் சூழலை முன்வைத்து இப்பக்கம் விளக்குகிறது.

சுருக்கமாக

• சூடான, எண்ணெய் மிகுந்த, புளிப்பான உணவுகளைக் கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ வையுங்கள்.
• உலர்ந்த பொருள்களுக்கும் ஆறிய உணவுக்கும் உணவுத்தரமுள்ள நெகிழி போதுமானது.
• நெகிழிக் கலத்தில் உணவைச் சூடுபடுத்தாதீர்கள்.
• இரசாயனம், பெயின்ட், பூச்சிமருந்து இருந்த கலங்களில் உணவையோ குடிநீரையோ ஒருபோதும் வைக்காதீர்கள்.
• கலம் எதுவாயினும், வெளியில் நெடுநேரம் இருந்த உணவு நோயாளிக்கு ஏற்றதன்று.

இப்பகுதியில் இது ஏன் முக்கியம்?

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்களுக்கும் காக்களூர் தொழிற்பேட்டைக்கும் வேலைக்குச் செல்வோரில் பலர் விடியற்காலையில் சமைத்த உணவை நண்பகலில் உண்கின்றனர். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புறநகர் இரயிலில் சென்னை சென்ட்ரலை அடைந்து இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ நோயாளியுடன் செல்லும் உறவினர்களும் அவ்வாறே உணவைக் கட்டி எடுத்துச் செல்கின்றனர். கொதிக்கும் சாம்பாரை அப்படியே நெகிழி டப்பாவில் ஊற்றி மூடுவது இத்தகைய அவசரத்தில் எளிதாக நிகழ்கிறது. கோடையில் திருத்தணி உள்ளிட்ட இம்மாவட்டப் பகுதிகளில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதும் உண்டு. சூடு, எண்ணெய், புளிப்பு, நீண்ட நேரம் ஆகிய நான்கும் ஒன்றுசேரும் இடத்தில்தான் கலத்தின் தேர்வு முக்கியமாகிறது.

நெகிழியிலிருந்து உணவுக்குள் செல்வன எவை?

நெகிழி ஒரே பொருள் அன்று. அதை வளையச் செய்யவும், நிறமூட்டவும், நீடித்து உழைக்கச் செய்யவும் பல வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. இவற்றில் சிறிதளவு உணவுக்குள் இடம்பெயரலாம். வெப்பமும் எண்ணெயும் புளிப்பும் இந்த இடப்பெயர்வை மிகுவிக்கின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018 ஆம் ஆண்டுப் பொதியிடல் ஒழுங்குமுறைகள், உணவைப் பொதியும் நெகிழியிலிருந்து இடம்பெயரும் பொருள்களின் மொத்த அளவு ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என வரம்பிட்டன. உணவைச் செய்தித்தாளில் பொதிவதும் இவ்வொழுங்குமுறைகளின்படி கூடாது.

பாலிகார்பனேட் என்னும் கெட்டியான நெகிழியின் தயாரிப்பில் பிஸ்பீனால்-ஏ பயன்படுகிறது. இது உடலின் ஹார்மோன்களைப் போலச் செயல்படக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 இல் குழந்தைகளின் பால்புட்டிகளில் இதற்குத் தடை விதித்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 இல் இதன் அன்றாட ஏற்பளவை முன்னிருந்ததைவிட 20,000 மடங்கு குறைத்தது. அதைத் தொடர்ந்து 2024 டிசம்பரில், உணவைத் தொடும் பிற பொருள்களிலும் இதைத் தடைசெய்யும் விதியை, மாறிக்கொள்வதற்கான கால அவகாசத்துடன், அவ்வொன்றியம் ஏற்றது.

நுண்நெகிழித் துகள்கள் மற்றொரு கவலை. டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020 இல் வெளியிட்ட ஆய்வில், பாலிபுரொப்பிலீன் பால்புட்டிகளிலிருந்து வெளிப்படும் துகள்களின் எண்ணிக்கை, நீரின் வெப்பம் 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்கு உயர்ந்தபோது பன்மடங்கு பெருகியது. இத்துகள்கள் உடலில் விளைவிக்கும் தீங்கின் அளவு இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. எனவே அச்சம் வேண்டா. சூட்டையும் நெகிழியையும் பிரித்து வைத்தாலே இவ்வெளிப்பாட்டின் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

டப்பாவின் அடியிலுள்ள எண்

பெரும்பாலான நெகிழிக் கலங்களின் அடியில் முக்கோணக் குறிக்குள் 1 முதல் 7 வரையிலான ஓர் எண் இருக்கும். இது நெகிழியின் வகையை மட்டுமே காட்டும், தரச்சான்று ஆகாது.

• எண் 1: குடிநீர், குளிர்பானப் புட்டிகள். வெந்நீர் ஊற்றக் கூடாது. நெடுநாள் மறுபயன்பாட்டுக்கு உரியவை அல்ல.
• எண் 2, 4: கெட்டியான கேன்கள், மெல்லிய பைகள். உணவுக்கென்றே தயாரிக்கப்பட்டிருந்தால் ஆறிய, உலர்ந்த பொருள்களுக்கு உதவும்.
• எண் 5: பாலிபுரொப்பிலீன். சாப்பாட்டு டப்பாக்கள் பலவும் இவ்வகையே. ஒப்பளவில் வெப்பம் தாங்கும். எனினும் உணவை ஆறவைத்து இடுவதே நல்லது.
• எண் 3, 6: பி.வி.சி., தெர்மாகோல் வகைகள். சூடான உணவுக்கும் தேநீருக்கும் தவிர்க்கவும்.
• எண் 7: பிற வகைகள். பாலிகார்பனேட்டும் இதில் அடங்கும். 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் சில இவ்வகையின. அவற்றை வெயிலில் வைக்காதீர்கள்.

எண்ணே இல்லாத டப்பாவையும், கடும் நெடியுள்ள டப்பாவையும் உணவுக்கு வாங்காதீர்கள். கீறல் விழுந்த, மங்கிய, பிசுபிசுப்பான, வெடித்த நெகிழியை உணவுப் பயன்பாட்டிலிருந்து நீக்குங்கள். கீறல்களில் தங்கும் கிருமிகள் கழுவினாலும் எளிதில் நீங்குவதில்லை.

உணவு பொதியும் நெகிழித் தாள்கள், நெகிழித் தட்டுகள், தேநீர்க் குவளைகள், தூக்குப் பைகள் முதலிய 14 வகை ஒருமுறை பயன்பாட்டுப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறையில் உள்ளது. கடையில் சாம்பாரோ தேநீரோ வாங்கச் செல்லும்போது வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டு செல்லுங்கள்.

கண்ணாடி: நிறையும் குறையும்

கண்ணாடி உணவுடன் எளிதில் வினைபுரிவதில்லை. மணத்தையும் கறையையும் ஏற்பதில்லை. உள்ளிருக்கும் உணவு கெட்டிருப்பதை வெளியிலிருந்தே காணலாம். ஊறுகாய், புளிக்காய்ச்சல், எண்ணெய் ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது.

ஆயினும் எல்லாக் கண்ணாடியும் சூடு தாங்காது. ஊறுகாய், சத்துமாவு வாங்கும்போது கிடைக்கும் சாதாரணக் குப்பிகள், கொதிக்கும் இரசத்தை ஊற்றினால் வெடிக்கலாம். சூடு தாங்கும் போரோசிலிகேட் வகையையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே அடுப்பில் வைக்கக் கூடாது. கண்ணாடிக் கலத்தின் மூடி பெரும்பாலும் நெகிழியால் ஆனது. ஆகவே உணவு மூடியைத் தொடாதவாறு இடம் விட்டு நிரப்புங்கள். சூடுபடுத்தும்போது மூடியை எடுத்துவிடுங்கள்.

கண்ணாடி எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. நீரிழிவினால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கண்ணாடிச் சில் குத்தியதே தெரியாமல், அது ஆறாத புண்ணாக மாறக்கூடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோருக்குச் சிறு வெட்டிலும் இரத்தம் எளிதில் நிற்பதில்லை. கை நடுக்கம், பக்கவாதம், பார்வைக் குறைவு உள்ளவர்களும் தவழும் குழந்தைகளும் உள்ள வீட்டில் கண்ணாடியை எட்டாத அலமாரியில் வைத்துப் பராமரிப்பாளர் மட்டும் கையாளுங்கள். கூட்டமான இரயிலிலும் பேருந்திலும் அதை எடுத்துச் செல்ல வேண்டா.

மறந்துவிடும் மூன்றாவது வழி: எவர்சில்வர்

பலருக்கு இக்கேள்வியின் விடை சமையலறையிலேயே இருக்கிறது. எவர்சில்வர் தூக்கும் அடுக்கு டிபன் பாக்ஸும் உடைவதில்லை. சூட்டையும் புளிப்பையும் தாங்குகின்றன. வேலைக்கும் மருத்துவமனைக்கும் எடுத்துச் செல்ல இவையே பொருத்தமானவை. எவர்சில்வரை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கக் கூடாது என்பது மட்டுமே முக்கிய வரம்பு. புளி, எலுமிச்சை, தயிர் சேர்ந்த உணவுகளை அலுமினியப் பாத்திரத்தில் சேமிப்பதைத் தவிர்க்கவும்.

தொழிற்சாலைக் கலங்கள்: பெரும் அபாயம்

பயன்படுத்திய இரசாயனக் கேன்கள், நீலநிறப் பீப்பாய்கள், பெயின்ட் வாளிகள் ஆகியவை தொழிற்பகுதிகளில் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் குடிநீரோ அரிசியோ மாவோ வைக்காதீர்கள். கலத்தின் சுவரில் ஊறிய இரசாயனம் சோப்பு நீரால் முழுவதும் வெளியேறாது. நெடி போய்விட்டது என்பது நஞ்சு போய்விட்டதற்குச் சான்று அன்று.

இதன் மறுபக்கமும் ஆபத்தானது. பினாயில், அமிலம், மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவற்றைக் குளிர்பானப் புட்டியிலோ தண்ணீர்ப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் எடுத்துக் குடிக்கும் குழந்தைக்கோ, பார்வை மங்கிய முதியவருக்கோ வேறுபாடு தெரியாது.

வேலையிடத்திலும் கவனம் தேவை. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், உணவறை உள்ள ஆலையில் வேலைக்கூடத்தில் உண்ணக் கூடாது என விதித்தது. ஈயம் போன்ற உலோகத் தூசு, பூச்சுப் பொடி, கரைப்பான் ஆகியவை உள்ள இடத்தில் சாப்பாட்டு டப்பாவை வைக்கவும் திறக்கவும் வேண்டா. முகம், கைகளைச் சோப்பினால் கழுவிய பின்பே டப்பாவைத் திறங்கள்.

நோயாளியின் உணவு: நேரமும் வெப்பமும்

மிகச் சிறந்த கண்ணாடிக் கலமும் கெட்ட உணவை நல்லதாக்காது. சோற்றில் உள்ள பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் சமைத்த பின்பும் உயிர்வாழும்; சோறு வெளியில் இருக்கும்போது பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை விளைவிக்கும் அந்நஞ்சு மீண்டும் சூடுபடுத்துவதால் அழிவதில்லை.

• சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். கடுங்கோடையில் ஒரு மணி நேரமே பாதுகாப்பானது.
• ஆழமற்ற சிறு கலங்களில் பிரித்து வைத்தால் உணவு விரைவில் ஆறும். ஆறியதும் 5 டிகிரிக்குக் குறைவான குளிர்பெட்டியில் வையுங்கள்.
• குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உணவை ஆவி பறக்கும் வரை ஒருமுறை மட்டும் சூடுபடுத்துங்கள்.
• நெடுநேரம் எடுத்துச் செல்ல வேண்டுமெனில், சூடுகாக்கும் எவர்சில்வர் கலத்தை வெந்நீரால் சூடாக்கிவிட்டு, கொதிக்கும் உணவை உடனே நிரப்புங்கள். தேங்காய்ச் சட்னி, முட்டை, இறைச்சிக் குழம்பு ஆகியவற்றை வெயிலில் எடுத்துச் செல்வதைத் தவிர்க்கவும்.
• மூக்குக்குழாய் வழியாக அளிக்கும் திரவ உணவைக் கழுவி, கொதிநீரில் சுத்தம் செய்து, ஆறவைத்த மூடியுள்ள கலத்தில் இட்டு உடனே குளிர்பெட்டியில் வையுங்கள். தயாரித்த நேரத்தை அதன்மேல் எழுதுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள்.
• கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் அளிக்க இயலாதபோது, மருத்துவர் அறிவுறுத்திய பாலைப் புட்டிக்கு மாறாக எவர்சில்வர் பாலாடையாலோ கிண்ணத்தாலோ புகட்டுங்கள்.

எப்போது மருத்துவ உதவி தேவை?

வாந்தி அல்லது வயிற்றுப்போக்குடன் காய்ச்சல், மலத்தில் இரத்தம், சிறுநீர் குறைதல், மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு இவ்வறிகுறிகள் தொடங்கியவுடனே மருத்துவரை அணுகுங்கள். நீர்ச்சத்து இழப்புக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) உதவும், ஆனால் டயாலிசிஸ் பெறுவோரும் நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டோரும் மருத்துவரைக் கேட்டே அதை அருந்த வேண்டும்.

இரசாயனத்தைத் தவறுதலாகக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உப்புநீரோ வேறு எதுவுமோ புகட்டாதீர்கள். 108 ஐ அழையுங்கள். குடித்த புட்டியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சையை முடிவுசெய்ய அது உதவும். பொதுவான ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

இன்றே செய்யக்கூடியது

புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள கலங்கள் அனைத்தையும் ஒருமுறை எடுத்து வைத்துப் பாருங்கள். கீறியதையும் எண் இல்லாததையும் துணி கிளிப்பு, விதை போன்ற உண்ணாப் பொருள்களுக்கு ஒதுக்குங்கள். நல்ல நெகிழியை பருப்புக்கும் மசாலாப் பொருள்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சூடான உணவுக்கென எவர்சில்வரையோ கண்ணாடியையோ தனியே பிரித்து வையுங்கள். நோயாளியின் உணவுக் கலத்தில் தேதியையும் நேரத்தையும் எழுதும் வழக்கத்தை வீட்டிலுள்ள அனைவருக்கும் பழக்குங்கள்.