புகைபோக்கியின் மகுடம்: கூரைக்கு மேல் ஒரு வரலாறு

ஆங்கில இலக்கியத்தை மூலத்திலோ மொழிபெயர்ப்பிலோ படித்துப் பழகிய நமக்குப் புகைபோக்கி புதிய சொல்லன்று. டிக்கன்ஸின் லண்டனில் அது கரும்புகை கக்கும். பிளேக்கின் கவிதைகளில் அதற்குள்ளிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்கும். ஆயினும் அதை நாம் கண்ணால் அறிந்ததைவிட ஏட்டால் அறிந்ததே மிகுதி. நம் சமவெளி வீடுகளில் அடுக்களைப் புகை வெளியேறக் கூரையில் ஒரு புகைக்கூண்டு போதுமானதாக இருந்தது. குளிர்காய்வதற்கோ, நெடுநல்வாடை காட்டும் தடவு போன்ற ஒரு நெருப்புச் சட்டி போதும். கூரையைத் துளைத்துக்கொண்டு செங்கல்லால் எழுந்து, ஆண்டு முழுதும் மழையிலும் பனியிலும் நிற்கும் ஒரு புகைவழி நமக்குத் தேவைப்படவில்லை.

இக்கட்டுரையில் நாம் காணவிருப்பது அப்புகைவழியின் உச்சியை மட்டுமே. புகைபோக்கித் தூணின் தலையில் சரிவாகப் பூசப்படும் சாந்து அதன் மகுடம். புகைவாயின் மேல் கவிழ்க்கப்படும் மூடி அதன் தொப்பி. ஒரு வீட்டில் மிகச் சிறிய உறுப்புகள் இவை. தரையில் நிற்பவர் கண்ணுக்கு எளிதில் தென்படாதவை. எனினும் இங்கிலாந்தின் பழைய வீடுகள் பல சீரழியத் தொடங்கும் இடம் இதுதான்.

புகையோடு வாழ்ந்த காலம்

இடைக்கால இங்கிலாந்தின் சாதாரண வீட்டில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுவே நெருப்பு எரியும்; புகை மேலெழுந்து கூரையைத் தடவி, கிடைத்த இடுக்கு வழியே வெளியேறும். டெவன் மாவட்டத்தின் பழைய வீடுகள் சிலவற்றில், பின்னாளில் மேலே வேய்ந்த வைக்கோலுக்கு அடியில், அக்காலப் புகை படிந்து கருத்த வைக்கோல் இன்றும் அப்படியே இருக்கிறது. கல்வெட்டைப் போல அதுவும் ஒரு சான்றுதான்.

கோட்டைகளிலும் மடங்களிலும் 12ஆம் நூற்றாண்டு முதலே சுவரோடு சேர்ந்த கணப்பும் புகைவழியும் இருந்தன. அவை எளியவர் வீட்டை எட்ட நானூறு ஆண்டுகள் ஆயின. 1577இல் வெளிவந்த தம் நூலில் வில்லியம் ஹாரிசன் என்னும் பாதிரியார், தம் எசெக்ஸ் கிராமத்து முதியவர்கள் தங்கள் வாழ்நாளில் கண்ட பெருமாற்றங்கள் என மூன்றைக் கூறியதாகப் பதிவு செய்கிறார். அம்மூன்றில் ஒன்று, ஊரெங்கும் முளைத்துவிட்ட புகைபோக்கிகள். மற்றவை படுக்கை வசதியும், மரப்பாத்திரத்தின் இடத்தில் வந்த உலோகப் பாத்திரமும். புகை போனதால் உடல்நலம் கெட்டது, சளியும் தலைவலியும் பெருகின என்ற குறைப்பாட்டையும் அவர் எழுதத் தவறவில்லை. புதியது எது வந்தாலும் பழையதற்காக ஏங்கும் மனம் எல்லா நாட்டுக்கும் பொது போலும்!

ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில், டங்கன் கொலையுண்ட இரவில் புகைபோக்கிகள் காற்றில் சரிந்ததாக ஒரு பாத்திரம் சொல்லும். வரலாற்று மாக்பெத் ஸ்காட்லாந்தை ஆண்டது 1040 முதல் 1057 வரை. அக்காலத்து ஸ்காட்லாந்தில் சரிந்து விழப் புகைபோக்கி ஏது? நாடகம் எழுந்தது 1606ஐ ஒட்டி. அப்போதைய இங்கிலாந்து மக்கள் புயல் இரவில் அஞ்சியது எதற்கு என்பதை இந்தக் காலவழு நமக்குக் காட்டிவிடுகிறது.

வரியும் புயலும்

1662இல் இங்கிலாந்து அரசு கணப்பு வரி விதித்தது. ஒரு கணப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். வரி தண்டுவோர் வீட்டுக்குள் நுழைந்து அடுப்பை எண்ணினர். மக்கள் அவர்களை வெறுத்தனர். 1684இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் சர்ச்சில் என்னும் ஊரில், ரொட்டி சுடும் ஒரு பெண் வரிக்குத் தப்புவதற்காகச் சுவரை உடைத்துத் தன் அடுப்பை அண்டை வீட்டுப் புகைவழியோடு இணைத்துவிட்டாள். மூண்ட தீயில் இருபது வீடுகள் எரிந்தன, நால்வர் மாண்டனர். வரி 1689இல் நீக்கப்பட்டது.

1703ஆம் ஆண்டு நவம்பர் 26 இரவு தென் இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயல், புகைபோக்கிகளின் பலவீனத்தை நாடறியச் செய்தது. வெல்ஸ் நகர் ஆயர் ரிச்சர்ட் கிட்டரும் அவர் மனைவியும், தங்கள் மாளிகையின் புகைபோக்கி இடிந்து கூரையைப் பிளந்து விழுந்ததில் உறக்கத்திலேயே இறந்தனர். டேனியல் டீஃபோ செய்தித்தாளில் விளம்பரம் செய்து, கண்டவர்களின் கடிதங்களைப் பெற்று, அவற்றைத் தொகுத்து 1704இல் 'புயல்' என்ற நூலாக வெளியிட்டார். ராபின்சன் குரூசோ வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பு அவர் எழுதிய அந்நூலில், மக்கள் உயிரைக் குடித்த முதன்மைக் காரணிகளுள் ஒன்றாகப் புகைபோக்கி நிற்கிறது.

புகைவழியில் குழந்தைகள்

நகரங்களில் நிலக்கரி பரவியபின் புகைவழிகள் குறுகின. ஒன்பதுக்குப் பதினான்கு அங்குலம் என்பது வழக்கமான அளவாயிற்று. ஒரு கூரைக்குக் கீழே பல கணப்புகள் இருந்தமையால், அவற்றின் வழிகள் வளைந்து நெளிந்து ஒரே தூணில் சேர்ந்தன. உள்ளே படிந்த கரியைச் சுரண்ட அந்த அளவுக்குள் நுழையக்கூடியது சிறுவர் உடல் மட்டுமே. பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், புகைபோக்கி துடைப்போர்க்கு வரும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என 1775இல் எழுதினார். தொழிலால் வரும் புற்றுநோய் பற்றிய முதல் மருத்துவப் பதிவுகளுள் ஒன்று அது.

எட்டு வயதுக்குக் குறைந்தோரை இவ்வேலைக்கு எடுக்கலாகாது என்றது 1788ஆம் ஆண்டுச் சட்டம். பிளேக்கின் முதல் கவிதை 1789லும், அதே தலைப்பிலான இரண்டாவது 1794லும் வந்தன. பிறகு 1834, 1840, 1864 எனச் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. எதுவும் உரியவாறு நடைமுறைக்கு வரவில்லை. 1875இல் கேம்பிரிட்ஜுக்கு அருகே ஒரு மருத்துவமனைப் புகைபோக்கிக்குள் ஏறிய ஜார்ஜ் புரூஸ்டர் என்ற பதினொரு வயதுச் சிறுவன் மூச்சுத் திணறி இறந்தான். அவ்வாண்டே ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால், துடைப்போர் காவல்துறை வழியே உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் வந்தது. அதன்பிறகே சிறுவர் புகைவழி ஏறுவது நின்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தித் தூரிகையை மேலே செலுத்தும் கருவியை ஜார்ஜ் ஸ்மார்ட் 1803லேயே செய்துவிட்டார். ஜோசப் கிளாஸ் அதை 1828இல் செம்மைப்படுத்தினார். கருவி இருந்தும் எழுபது ஆண்டுகள் குழந்தைகளே ஏற்றப்பட்டனர். வளைந்த வழிகளைத் திருத்திக் கட்டும் செலவை வீட்டுக்காரர் ஏற்க விரும்பாதது ஒரு காரணம். பராமரிப்பின் விலையை யார் கொடுப்பது என்ற கேள்வி எழும்போதெல்லாம், அதை வலியவரிடமிருந்து எளியவர் தலைக்கு மாற்றிவிடுவது பழைய வழக்கம்.

மகுடம் செய்யும் பணி

மகுடத்தின் வேலை நீரை ஓட விடுவது. தூணின் உச்சியில் சுட்டமண் குழாயை நிறுத்தி, அதன் அடியைச் சுற்றிச் சாந்தைச் சரிவாக அணைத்துப் பூசுவர். விழும் மழைநீர் அச்சரிவில் வழிந்து, கீழே சற்றுத் துருத்திக்கொண்டிருக்கும் செங்கல் வரிசையின் விளிம்பிலிருந்து, தூணைத் தொடாமல் சொட்ட வேண்டும். நம் வீடுகளில் சன்னல் மேல் நீட்டும் மழைத்தடுப்பின் அதே நியாயந்தான்.

பூச்சில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தால் நீர் உள்ளே இறங்கும். நீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரியும்; விரிசல் அகலும். அடுத்த மழையில் இன்னும் நீர், அடுத்த இரவில் இன்னும் பனி. இப்படிச் சில குளிர்காலங்கள் சென்றால் சாந்து பெயர்ந்து, குழாய் ஆடத் தொடங்கும். அடுத்து வரும் புயலில் அது எங்கே விழும் என்பதை 1703 சொல்லிவிட்டது.

கேடு வேறு வழியிலும் வரும். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஈரத்தோடு கூடிச் சிமெண்டுச் சாந்தைத் தாக்கினால் சாந்து உப்பும். மிகுதியாக நனையும் பக்கம் மிகுதியாக உப்புவதால், தூண் மறுபக்கம் மெல்ல வளையும். இங்கிலாந்தின் பழைய தெருக்களில் சாய்ந்து நிற்கும் புகைபோக்கிகள் பலவற்றின் பின்னணி இதுவே.

தொப்பியின் வேலை வேறு. மழையைத் தடுத்தல், புகைவழியில் சுள்ளி அடுக்கிக் கூடு கட்டும் ஜாக்டா என்னும் சிறு காக்கையை விலக்குதல், தீப்பொறி கூரையில் விழாமல் காத்தல், எதிர்க்காற்று புகையை அறைக்குள் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவை அதன் கடமைகள். அறைக்குள் திரும்பும் புகை அக்காலத்தின் பெருந்தலைவலி. 1785இல் பெஞ்சமின் பிராங்க்ளின் அதற்குக் காரணமும் மருந்தும் ஆராய்ந்து எழுதினார். 1796இல் ரம்ஃபோர்டு பிரபு கணப்பின் தொண்டையைக் குறுக்கும் வழியைச் சொன்னார். ஜேன் ஆஸ்டனின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில், பழங்காலப் பெருங்கணப்பை எதிர்பார்த்துச் செல்லும் கதாநாயகி அங்கே ரம்ஃபோர்டு கணப்பைக் கண்டு ஏமாறுவதன் சுவை, இச்செய்தி அறிந்தவர்க்கே முழுதும் விளங்கும்.

சுண்ணாம்பும் சிமெண்டும்

1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாந்து சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டில் அது எங்கும் பரவியபோது, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய தூண்களும் சிமெண்டால் பழுது பார்க்கப்பட்டன. உறுதியான பொருள் நல்லதுதானே என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் பழங்கட்டடத்தில் அது பிழை. பழைய செங்கல் மென்மையானது. ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் விடும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தைத் தன் வழியே வெளியேற்றும். கட்டடம் சற்றே அசைந்தால் தானும் இணங்கும். சிமெண்டோ ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட நீர் செங்கல்லுக்குள்ளேயே உறைந்து அதன் முகத்தை உரித்துவிடும். சில ஆண்டுகளில் சாந்து அப்படியே நிற்க, செங்கல் கரைந்து குழிந்திருக்கும்.

ஆகவே மரபுக் கட்டடக் கைவினைஞர் சொல்லும் விதி எளிது: சாந்து செங்கல்லைவிட வலிமை குன்றியதாக இருக்க வேண்டும். தேய்வதும் உதிர்வதும் சாந்தின் கடமை. அதை மீண்டும் பூசிவிடலாம். செங்கல்லை மீண்டும் பெற முடியாது. உச்சியில் காற்றும் மழையும் மிகுதி என்பதால், அங்கே நீரிலும் இறுகும் வகைச் சுண்ணாம்பைப் பயன்படுத்துவர். பனி விழும் நாளில் பூச மாட்டார்கள். பூசியபின் ஈரச் சாக்கால் மூடி மெல்ல உலர விடுவார்கள். நம் கோயில்களையும் செட்டிநாட்டு வீடுகளையும் சிமெண்டால் 'சீர்செய்த' இடங்களைக் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1877இல் கவிஞர் வில்லியம் மாரிஸ், கட்டடக் கலைஞர் பிலிப் வெப் முதலியோர் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். பழமையை இடித்துப் புதுக்கிப் பழமைபோல் காட்டும் அக்கால வழக்கத்தை மாரிஸ் கடுமையாக எதிர்த்தார். அன்றாடக் கவனிப்பால் சிதைவைத் தடுப்பதே அவர் காட்டிய வழி. பெயர்ந்த ஓட்டை மாற்றுவது, விரிசலை உடனே அடைப்பது, வடிகாலில் சேர்ந்த இலையை அள்ளுவது போன்ற புகழ் தராத பணிகளே கட்டடத்தைக் காக்கின்றன.

அணைந்த கணப்பு

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைச் சூழ்ந்த கரும்பனிப்புகையில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அன்று கணக்கிட்டனர். பிந்தைய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கணப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அணைந்த புகைபோக்கியை யாரும் நினைப்பதில்லை. கேடு அப்போதுதான் விரைந்தது. நெருப்பு எரிந்தவரை அதன் சூடு தூணை உலர்த்தி வந்தது. கணப்பைப் பலகையால் அடைத்து உச்சியையும் மூடிவிட்டால் காற்றோட்டம் நின்றுவிடும். உட்சுவரில் படிந்த பழங்கரியின் உப்புகள் ஈரத்தை இழுத்துப் படுக்கையறைச் சுவரில் பழுப்புக் கறையாக வெளிப்படும். மேலே காற்றுப் புகும் தொப்பியும் கீழே சிறு காற்றுத் துளையும் வைப்பதே இதற்கு மருந்து. புகைவழி பயன்பாட்டில் இருக்குமானால் அடைப்பு இன்னும் கொடியது. பறவைக் கூட்டால் வழி மூடிய வீட்டில், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உறங்குபவரைக் கொன்றுவிடும்.

தமிழகத்துக்கு இது முற்றிலும் அயற்செய்தியன்று. 1820களில் ஜான் சல்லிவன் உதகையில் கல்வீடு எழுப்பியதற்குப் பின், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஆங்கிலேயர் தங்கள் ஊர் வீட்டையே மலைமேல் கட்டிக்கொண்டனர். புகைபோக்கியும் உடன் வந்தது. அவ்வீடுகளின் மகுடங்கள் மீது இன்று இரு பருவமழைகளும் பெய்கின்றன.

புகைபோக்கியை இடித்து ஓட்டால் மூடிவிடுவது செலவு குறைந்த வழி என்று கருதுவோர் இங்கிலாந்திலும் உண்டு. பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உள்ள வீடுகளுக்கு அங்கே அதற்கு முன்னனுமதி வேண்டும். பட்டியலில் இல்லாதவற்றுக்கு வீட்டுக்காரர் மனமே காவல். இலையுதிர் காலத்தில் தெருவில் நின்று, தொலைநோக்கியை உயர்த்தி, குழாய் நேராக நிற்கிறதா, சாந்தில் செடி முளைத்திருக்கிறதா என்று பார்க்கச் சில நிமிடங்கள் போதும். பார்க்காமல் விட்டால் தூணையே பிரித்துக் கட்ட நேரும். கூரைக்கு மேல் ஒரு கைப்பிடிச் சாந்து. அதைக் காக்க வேண்டியது ஒவ்வோர் ஆண்டும் ஒரு முறை அண்ணாந்து பார்க்கும் கண்.